பாலாற்று ஊற்றும் மணற்கேணியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலாற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு மணற்கேணி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. என் சிறுவயதில், கோடையில் ஆற்று மணலைக் கையால் தோண்டி, ஊற்று சுரந்து கலங்கல் தெளியும் வரை காத்திருந்து, கொட்டாங்குச்சியால் முகந்து குடம் நிரப்புவோம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட கற்றல் செயலிக்கு, தோண்டத் தோண்ட மணற்கேணியில் நீர் ஊறுவது போலக் கற்கக் கற்க அறிவு ஊறும் என்னும் 396-ஆவது குறளிலிருந்து அந்தப் பெயரையே எடுத்துச் சூட்டியது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

இந்த முயற்சி திடீரென வந்ததல்ல. 2018-இல் புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. மணற்கேணியோ, மாநிலப் பாடத்திட்டத்தைச் சிறு சிறு காணொலிகளாகக் கட்டணமின்றித் தருகிறது.

ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியனாகிய நான், அண்மையில் ஒரு பத்தாம் வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தேன். இதயத்தைப் பற்றிய காணொலி ஓடிக்கொண்டிருந்தபோது, வால்வு மூடும் இடத்தில் ஆசிரியை அதை நிறுத்திவிட்டு, "இப்போது இரத்தம் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார். வகுப்பு அமைதியாயிற்று. முன்வரிசை மாணவி ஒருத்தி தன் விரல்களை மடக்கி வால்வைப் போலத் திறந்து மூடிப் பார்த்து, மெல்லிய குரலில் சரியான விடையைச் சொன்னாள். நிறுத்தாமல் ஓடியிருந்தால் நான்கு நிமிடங்களில் முடிந்திருக்கும் அந்தக் காணொலி, முழுப் பாடவேளையையும் எடுத்துக்கொண்டது. அன்று அந்த வகுப்பில் ஊற்று சுரந்தது அந்த இடைவெளியில்தான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அந்த ஆசிரியை முந்தைய நாளே பார்த்துக் குறித்து வைத்திருந்தார். ஆகவே, இத்தகைய முன்தயாரிப்புக்கு ஆசிரியர்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

வீட்டுநிலை வேறு. குடியாத்தத்தில் பீடி சுற்றும் குடும்பங்கள் பலவற்றில் இருப்பது ஒரே ஒரு கைப்பேசி. தந்தை வேலையிலிருந்து திரும்பிய பிறகே அது பிள்ளையின் கைக்கு வருகிறது, அதற்குள் கண்கள் சொக்கிவிடுகின்றன. அணைக்கட்டு வட்டத்தின் மலைக் கிராமங்களில், கைப்பேசி இருந்தாலும் அலைவரிசையைத் தேடி மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு, "செயலியில் பார்த்துக்கொள்" என்று சொல்வது, குடமே இல்லாதவரை ஆற்றுக்கு அனுப்புவதாகும்.

எனவே, நம் மேல்நிலைப் பள்ளிகளில் கணினியும் இணையமும் உள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களை மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டும் என்று பெற்றோர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் கேட்க வேண்டுகிறேன். கேட்கும்போது, அந்த நேரத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்ப நகரப் பேருந்து உண்டா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். பெண் பிள்ளைகள் தங்கிப் படிப்பதும் படிக்காமல் போவதும் பெரும்பாலும் அந்தப் பேருந்தைப் பொறுத்தே இருக்கிறது.

வணக்கம்.