பேரூர் கனகசபைத் தூண் ஏன் உங்க பேப்பர்ல அடங்கறதே இல்லை?

[திரையில்: மேல் விளிம்பில் கால் வெட்டுப்பட்டு நிற்கும் ஒரு சிலை ஓவியம்]

இந்தப் படத்தைப் பாருங்க. முகம், நகை, சடை எல்லாம் வெகு அழகா வந்திருக்கு. ஊர்த்துவ தாண்டவத்துல, அதாவது சிவன் ஒரு காலைத் தலைக்கு மேல தூக்கி ஆடற இந்தத் தூண் சிலையில, தூக்கின கால் மட்டும் பேப்பரை விட்டு வெளிய போயிருச்சு. பேரூர்ல நோட்டோட உக்கார்றவங்களுக்கு அடிக்கடி நடக்கறது இதுதானுங்க. முகத்துல ஆரம்பிச்சா இப்படித்தான் ஆகும்.

வரலாறு ஒரே வரி: கோயம்புத்தூர் பக்கம் பேரூர்ல நொய்யல் கரையில பட்டீசுவரர் கோயில், அதுக்குள்ள இருக்கற நடராசர் மண்டபமான கனகசபை 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் கால வேலை. போதுங்க, பென்சிலை எடுங்க.

2பி பென்சில், ஏ5 நோட்டு, ரப்பர். கோயிலுக்குள்ள பெயின்ட் வேண்டாம், கல் தரையில தண்ணி சிந்தினா அடுத்தவங்க வழுக்குவாங்க. உக்கார்றதுக்கு முன்னாடி அங்க இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. மத்தியானம் நடை சாத்திருவாங்க, அதனால காலைலயே போயிருங்க.

எங்க உக்கார்றது? தூணோட உயரத்தைப் போல ரெண்டு மடங்கு தள்ளி. கிட்ட உக்காந்தா தலையை அண்ணாந்து பாக்கணும். அப்ப பாதம் பெருசாவும் தலை சிறுசாவும் தெரியும், கையும் அப்படியே வரைஞ்சிரும். எதிர்ல அவ்வளவு இடம் இல்லைன்னா வரிசையோட ஒரு கோடியில உக்காந்து, மூணாவது நாலாவது தூணை வரைங்க.

[திரையில்: வெற்றுத் தாளில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு]

முதல்ல ரெண்டே கோடு. பேப்பரோட மேல் விளிம்புல இருந்து ஒரு விரல் விட்டு போதிகை (தூணோட உச்சியில கூரையைத் தாங்கற பகுதி), கீழ ஒரு விரல் விட்டு அடிப்பாகம். எது வந்தாலும் இதுக்குள்ளதான். இப்ப கையை முழுசா நீட்டி, ஒரு கண்ணை மூடி, தூணோட அகலத்தைப் பென்சில்ல அளந்துக்கோங்க. அந்த அகலம் உயரத்துல எத்தனை தடவை போகுதுன்னு எண்ணுங்க. முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிரும், அங்கதான் நிறையப் பேருக்குத் தப்பாகுது.

அடுத்தது சிலை. தூக்கின பாதத்துக்கு நேரா பென்சிலைச் செங்குத்தாத் தொங்க விடுங்க. கீழ எந்த இடத்தைத் தொடுது, தோளையா, இடுப்பையா? அதைக் குறிச்சிட்டு, பாதம், தலை, கைகளோட நுனி, ஊன்றின கால் இதையெல்லாம் நேர்கோட்டால சேத்து ஒரு வெளிவடிவம் போடுங்க. முகம் கடைசி. கண்ணைச் சுருக்கிப் பாத்தா நகையெல்லாம் மறைஞ்சு வெளிச்சம், நடு நிழல், அடர் நிழல்னு மூணே தொனி தெரியும். அதைப் பூசினாலே கல்லோட கனம் வந்திரும்.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச இடத்துக்கு வர்றேன். உள்ள போகப் போகத் தூண்கள் நெருங்கி வரும். எவ்வளவு நெருங்கணும்னு கண்ணளவுல போட்டா மூணாவது தூண்லயே மண்டபம் நெளிஞ்சிரும். இதுக்கு ஸ்கேலே வேண்டாம். தரையில உக்காந்தா உங்க கண் மட்டம் கிட்டத்தட்ட ரெண்டரை அடி. அதுக்கு மேல இருக்கற கோடெல்லாம் இறங்கும், கீழ இருக்கறது ஏறும், ரெண்டும் கண் மட்டத்துல ஒரே புள்ளியில சேரும். முதல் ரெண்டு தூணைப் போடுங்க. ரெண்டாவது தூணோட உயரத்துல சரியா நடுவைக் குறிங்க. முதல் தூணோட உச்சியில இருந்து அந்த நடுப்புள்ளி வழியா ஒரு கோடு இழுங்க. தூண்களோட அடியைச் சேக்கற தரைக்கோட்டை அது தொடற இடம்தான் மூணாவது தூணோட அடி! ரெண்டுல இருந்து மூணு வழியா இழுத்தா நாலு. தூண்கள் சம இடைவெளியில இருக்கணும், அவ்வளவுதான். இதை நிறுத்தி, ரிவைண்ட் பண்ணி ஒரு தடவை போட்டுப் பாருங்க. நோட்டுப் பக்கத்துல ஒரு மண்டபம் ஆழமா உள்ள போறதைப் பாக்கற சந்தோஷமே தனிங்க.

[திரையில்: கல் சங்கிலி, கிட்டக்காட்சி]

விதானத்துல தொங்கற கல் சங்கிலியை விட்டுராதீங்க. ஒரு வளையம் அகலமாத் தெரிஞ்சா அடுத்தது பக்கவாட்டுல திரும்பி ஒடுக்கமாத் தெரியும். எல்லா வளையத்தையும் ஒரே மாதிரி போட்டா சங்கிலி ஆகாது, முட்டை வரிசை ஆயிரும்.

சாயங்காலம் 1892ல கட்டின கோயம்புத்தூர் டவுன்ஹால் கட்டடத்தை வரையப் போனா: நிழல் நகந்துட்டே இருக்கும், அதனால நிழலோட எல்லையை முதல் 5 நிமிஷத்துல குறிச்சிட்டு மாத்தாதீங்க.

ஆர்.எஸ்.புரம் பக்கம் காஸ் வன அருங்காட்சியகம், 1902ல ஆரம்பிச்சது. அங்க கண்ணாடிப் பெட்டிதான் சிக்கல். நேரா நின்னா உங்க சட்டைதான் தெரியும். கொஞ்சம் சாஞ்சு நின்னு பாருங்க, கறுப்புச் சட்டை போட்டுப் போனா இன்னும் நல்லது.

அவிநாசி ரோட்டுல ஜிடி கார் அருங்காட்சியகத்துக்குப் போறவங்களுக்கு ஒரே குறிப்பு: சக்கரம் நீள்வட்டமாத் தெரியும், அதோட குட்டையான அச்சு எப்பவும் சக்கர அச்சாணி போற திசையில இருக்கணும். வரைஞ்ச கார் ஒரு பக்கம் சாஞ்சு நிக்கற மாதிரி இருந்தா, முதல்ல இங்க திருத்துங்க. திருத்தின சக்கரத்தையும் திருத்தாததையும் ஒரே பக்கத்துல வெச்சுப் படம் எடுத்து அனுப்புங்க, அடுத்த வீடியோவுல திருச்செங்கோடு மலைப் படிகளோட சேத்துப் பாக்கலாம்.