பனி இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் பழைய பொருள் என்றாலே முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருக்கும் பழைய பொருள் அங்கே கிடைக்காது. 2002-ல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'மாரோவிண்ட்' என்ற கணினி விளையாட்டு அது. கல்லூரிக் காலத்தில் ஆடியதை, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன். "முடிந்த ஆட்டத்தில் இன்னும் என்ன மிச்சம்?" என்று ஆத்தா கேட்கிறார்கள்.

நிறைய இருக்கிறது. கைதியாகக் கப்பலில் வந்து, வார்டன்ஃபெல் என்ற கற்பனைத் தீவின் சேடா நீன் என்ற சிற்றூரில் இறங்குகிறோம். பல்மோரா நகரில் ஒருவரைப் போய்ப் பார் என்று அனுப்பிவிடுகிறார்கள். இன்றைய விளையாட்டுகளைப் போல வழிகாட்டும் அம்புக்குறி கிடையாது. ஊரார் வாய்வழி சொல்லும் அடையாளங்களைக் குறிப்பேட்டில் பார்த்துப் பார்த்து நடக்கவேண்டும். ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில், வானத்திலிருந்து ஒருவன் அலறிக்கொண்டு விழுந்து சாவான். அவனிடம் மந்திரச் சுருள்கள் இருக்கும். ஒன்றைப் படித்துத் தாவினால் காடு மேடெல்லாம் கடந்து பறக்கலாம். இறங்கும்போது உயிர் போய்விடும். தரையைத் தொடுவதற்குள் அடுத்த சுருளைப் படித்தவன் பிழைத்தான். இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

இந்த விளையாட்டு இன்னும் சாகாமல் இருப்பதற்குக் காரணம், ஆட்டக்காரர்களே செய்து சேர்க்கும் மாட் எனப்படும் திருத்தங்கள். ஊர்களையும் பாத்திரங்களையும் உருவாக்கும் கருவியை நிறுவனமே கணினிப் பதிப்பின் குறுந்தகட்டில் சேர்த்துக் கொடுத்தது. ஆட்டக்காரர்கள் விடவில்லை. தீவுக்கு அப்பால், மூலத்தில் இல்லாத பெருநிலத்தை 'டாம்ரியல் ரீபில்ட்' குழுவினர் இன்றும் பகுதி பகுதியாகக் கட்டிச் சேர்க்கிறார்கள், சம்பளம் எதுவும் இல்லாமல். 'ஓப்பன்எம்டபிள்யூ' குழுவினரோ விளையாட்டை இயக்கும் நிரலையே புதிதாக எழுதி இலவசமாகத் தந்திருக்கிறார்கள், லினக்ஸிலும் ஓடும். மூல விளையாட்டை மட்டும் நாம் விலைகொடுத்து வாங்கவேண்டும்.

எந்தத் திருத்தத்தைப் போடுவது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைப் பழுதுபார்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. உடைந்த ஆத்தங்குடிக் கல்லுக்குப் பதிலாக, அதே பூவேலை அச்சைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, வண்ணச் சிமெண்டு ஊற்றி, புதுக் கல் வார்த்துப் பதிப்பவர்கள் ஒரு கட்சி. முற்றத்தை மூடி, சுண்ணாம்புச் சுவரைக் கொத்திவிட்டு, தரையெல்லாம் கிரானைட் இழைப்பவர்கள் இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி.

பிழைகளைச் சரிசெய்யும் மாட்களைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஒரே பொருளை இரண்டு மாட்கள் மாற்றினால் கடைசியில் ஏறியதே செல்லும். ஆகவே ஏற்றும் வரிசையில் மட்டும் கவனம் வேண்டும். மலைப்பக்கம் தலைகாட்டினாலே கொத்த வரும் கிளிஃப் ரேசர் என்ற பறக்கும் விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் ஒரு மாட் போட்டிருக்கிறேன். என் கொள்கைக்குக் கொஞ்சம் இழுக்குத்தான், போகட்டும். வீசிய வாள் தவறாமல் படும்படி செய்யும் மாட் மட்டும் எனக்கு ஆகாது. மூலத்தில் அடி படுவதை உள்ளுக்குள் பகடை தீர்மானிக்கிறது. ஓடிக் களைத்த நிலையில் வீசினால் பெரும்பாலும் வீண். நின்று இளைப்பாறிவிட்டு வீசினால் பலன் உண்டு. புதியவர்கள் இது தெரியாமல் விளையாட்டைத் திட்டுகிறார்கள்.

பெரிய வழக்கு மூடுபனியைப் பற்றியது. அன்றைய கணினிகளால் வெகுதொலைவு வரை காட்சியை வரைய முடியாது என்பதால், சற்றுத் தள்ளியிருப்பதெல்லாம் பனியில் மறைந்துவிடும். இன்று அதை விலக்க வழி இருக்கிறது. விலக்கிப் பார்த்தேன். காட்சி அழகாகத்தான் இருந்தது. நடுவே தீவின் எரிமலையான செம்மலை கம்பீரமாக எழுந்து நின்றது. ஆனால், வழி தவறி வழி தவறி நான் கண்டுபிடித்த ஊர்கள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. தீவு இவ்வளவுதானா என்றாகிவிட்டது. மெதுவான நடையும், எதிரே என்ன வருகிறது என்று தெரியாத பனியும் சேர்ந்துதான் அதை ஒரு பெரிய நாடாக்கி வைத்திருந்தன. அன்றைக்கே பனியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் ஆட்டத்தில் பிழைதிருத்தங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெருநிலத்தை இரண்டாம் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தீவே உங்களை மாதக்கணக்கில் பிடித்துவைத்துக்கொள்ளும். நன்றி, வணக்கம்.