வியர்வை எங்களிடம் எப்போதும் இருந்தது

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும், வேலை முடிந்து நேராக இங்கே வந்து, நாற்காலி கிடைக்காமல் தெரு ஓரமாக நின்றே கேட்டுக்கொண்டிருக்கும் புது வண்ணாரப்பேட்டை மக்களுக்கும் வணக்கம். தலைப்பு, 'விளையாட்டு வீரரை உயர்த்துவது வியர்வையா, தொழில்நுட்பமா?' நான் தொழில்நுட்பமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் வியர்வையைப் பற்றிச் சொன்னபோது நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். காசிமேட்டில் விடியற்காலை மீன் கூடை தூக்கி இறக்கிவிட்டு, அப்படியே பயிற்சிக்கு வந்து கையில் துணி சுற்றிக்கொள்ளும் பையனுக்கு உழைப்பைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அண்ணன் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இந்த வட சென்னையில் இத்தனை தலைமுறையாக இவ்வளவு வியர்வை சிந்தியிருக்கிறோமே, அப்புறம் ஏன் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் மாநில அணி வாசலைப் பார்ப்பதற்குள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்? உழைப்பு போதவில்லையா? அதெல்லாம் இல்லை. அந்த உழைப்பு உடம்புக்குள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை, கருவியும் இல்லை. நான் பேச வந்ததே இதைத்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பாக்ஸிங் கூடம் இருக்கிறது. அங்கே ஒரு பெண், பள்ளிக்கூடம் படிக்கிற வயசு, நல்ல வேகம். ஆனால் இடது கையால் ஜாப், அதாவது நேராகக் கையை நீட்டி விடுகிற குத்து, போடும்போது வலது கை இறங்கிவிடும். மாஸ்டர் தினமும் "கார்டை விடாதே, கையைத் தூக்கு" என்று கத்துவார். அவள், "தூக்கித்தான் வெச்சிருக்கேன் மாஸ்டர்" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. கை மேலே இருப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. ஒரு நாள் அங்கே உதவிக்கு வரும் ஒருவர் தன் செல்போனைத் தண்ணீர் கேனில் சாய்த்து வைத்து, ஸ்லோ மோஷனில் படம் பிடித்தார். விநாடிக்கு 240 படம். ஓட்டிப் பார்த்தால், இடது கை நீளுகிற அதே நேரத்தில் வலது கை கன்னத்தை விட்டு நழுவி நெஞ்சுக்கு வந்துவிடுகிறது, இடது கை திரும்பி வந்த பிறகுதான் அது நிதானமாக மேலே ஏறுகிறது. அந்த நேரம் முழுக்க முகம் திறந்து கிடக்கிறது. அவள் விரலால் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வலது கையுறையைக் கன்னத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு மெதுவாக, ரொம்ப மெதுவாக ஜாப் போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் போனில் பார்ப்பாள், மறுபடி போடுவாள்.

'மிஷின் வந்தால் குருவுக்கு மரியாதை போய்விடும்' என்று எதிரணி அக்கா வருத்தப்பட்டார். அக்கா, அந்த மாஸ்டர் கண்ணால் பார்த்துச் சொன்னது அத்தனையும் சரி. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் காட்ட வழி இல்லாமல் இருந்தது, அந்த வழியைப் போன் கொடுத்தது. இதில் மாஸ்டரின் மரியாதை கூடியதே தவிர எங்கே குறைந்தது?

அடுத்து அண்ணன் அமெரிக்க ஓட்டக்காரர் ஜெசி ஓவன்ஸைக் கூப்பிட்டு வந்து நிறுத்தினார். 'எந்தத் தொழில்நுட்பமும் இல்லாமல் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லர் முன்னால் 4 தங்கம் வாங்கவில்லையா' என்று கேட்டார். வாங்கினார், தலைவணங்குகிறேன். 100 மீட்டரை 10.3 விநாடியில் ஓடினார். ஆனால் எதன் மேல் ஓடினார்? சாம்பலும் கரித்தூளும் கொட்டி இறுக்கிய தளத்தில். கால் ஊன்றிக் கிளம்புவதற்கு ஸ்டார்ட்டிங் பிளாக் கிடையாது, சின்னக் கரண்டியால் அவரவரே குழி தோண்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தளம் கால் உதைக்கிற விசையில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அதே பெர்லின், அதே ஸ்டேடியம், 2009ல் உசேன் போல்ட் 9.58 விநாடியில் ஓடினார். நடுவில் 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கிலேயே செயற்கைத் தளம் வந்துவிட்டது. ஓவன்ஸை விட போல்ட் அதிகமாக வியர்வை சிந்தினார் என்று சொல்ல எனக்கு மனசு வராது, அண்ணனுக்கும் வராது என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்த இடைவெளியில் ஒரு பெரிய பங்கு காலுக்குக் கீழே இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளத்தானே வேண்டும்? ஓவன்ஸின் காலில் இருந்ததும் ஆணி வைத்த தோல் ஷூதான், வெறுங்கால் இல்லை. அந்தக் காலத்தில் கிடைத்த நல்ல கருவியை அவரும் பயன்படுத்தினார்.

உழைப்பைப் பற்றியே பேசலாம் என்றால் எடை தூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவைச் சொல்லுங்கள். மணிப்பூரில் சின்ன வயதிலேயே விறகுக் கட்டு சுமந்தவர். உழைப்புக்கு அவரை விட யார் உதாரணம்? அவர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் தூக்க வேண்டிய 6 முறையில் ஒரே ஒரு முறைதான் சரியாகத் தூக்கினார். அடுத்த வருடமே உலக சாம்பியன் ஆகிவிட்டார், அது உழைப்பின் பலன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தோளும் முதுகும் படுத்திக்கொண்டே இருந்தன. 2020ல் அமெரிக்காவுக்குப் போய் ஆரோன் ஹார்ஷிக் என்ற பிசியோதெரபிஸ்டைப் பார்த்தார். எடையைத் தூக்கும்போது எந்தத் தசை வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது, வலமும் இடமும் சமமாக இருக்கிறதா என்று அசைவு அசைவாகப் பிரித்துப் பார்த்து, குறை எங்கே என்று கண்டுபிடித்துப் பயிற்சியை மாற்றினார்கள். 2021 ஏப்ரலில் கிளீன் அண்ட் ஜெர்க்கில், அதாவது முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்குகிற முறையில், 119 கிலோ தூக்கி உலக சாதனை. ஜூலையில் டோக்கியோவில் மொத்தம் 202 கிலோ, வெள்ளிப் பதக்கம். அதே பெண்தான், அதே உழைப்புதான். சரியான அறிவு வந்து சேர்ந்தபோது அந்த உழைப்பு எங்கே போய் நின்றது பாருங்கள். நீரஜ் சோப்ரா டோக்கியோவில் ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்தபோது அவரோடு இருந்த கிளாஸ் பார்டோனியெட்ஸ் என்ற ஜெர்மன்காரரும் உடல் இயக்கவியல் படித்தவர்தான்.

சரி, முட்டிக்கு வருகிறேன். என் மனசு கிடந்து அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சொல்லிச் சந்தோஷப்படுகிறோம். முல்லை நகர் மைதானத்தில் சாயங்காலம் போய் நின்று பாருங்கள், அந்தப் பசங்கள் பந்தை வைத்துக்கொண்டு திரும்புகிற வேகம்! அந்தத் திரும்பலில்தான் ஆபத்தும் இருக்கிறது. முட்டிக்குள் ஏ.சி.எல். என்று ஒரு தசைநார். அது அறுந்துபோவது பெரும்பாலும் யாரும் வந்து மோதி இல்லை. குதித்துக் கால் ஊன்றும்போதோ சட்டென்று திரும்பும்போதோ முட்டி உள்பக்கமாகச் சரிந்து, தானாகவே அறுந்துவிடுகிறது. ஆபரேஷன் செய்தாலும் மறுபடி ஆட வர 9 மாதமாவது ஆகும். ஆபரேஷனுக்குக் காசு இல்லாத வீட்டில் அந்தப் பையனின் ஆட்டம் அன்றோடு முடிந்தது, அவ்வளவுதான். முட்டி இப்படிச் சரிகிறது என்பது கேமராவில் ஆட்டக்காரர்களின் அசைவைப் படம் படமாகப் பிரித்துப் பார்த்ததால் தெரியவந்த விஷயம். அந்த ஆராய்ச்சியெல்லாம் சேர்ந்துதான் ஃபிஃபா 11 பிளஸ் என்ற வார்ம்-அப் முறையாக வந்தது. 20 நிமிடம். கருவி எதுவும் வேண்டாம், ஒரு பந்தும் மைதானமும் போதும். வாரத்துக்கு 2 முறையாவது விடாமல் செய்த அணிகளில் காயம்படுவது 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்திருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம்ம ஊர் கிரவுண்டில் இன்னும் எத்தனை இடத்தில், வந்ததும் ரெண்டு ரவுண்டு ஓடிவிட்டு நேராக மேட்சில் இறங்குகிறார்கள்? ஒரு காலில் குதித்து ஊன்றச் சொல்லி முன்பக்கமிருந்து ஒரு வீடியோ எடுத்தால், யாருடைய முட்டி உள்ளே சரிகிறது என்று கோச்சுக்கே தெரிந்துவிடும். அந்தப் பையனுக்கு இடுப்புக்கும் தொடைக்கும் தனியாகப் பயிற்சி கொடுத்தால் முட்டியைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. 'வலியைப் பொறுத்துக்கிட்டு ஆடுறவன்தான் வீரன்' என்று அண்ணன் சொன்னதற்குக் கை தட்டல் வந்தது. அந்த வார்த்தையால் காலை இழந்தவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள் அண்ணா, தயவுசெய்து பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்லாதீர்கள்.

வெயிலையும் சேர்த்துச் சொல்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் பயிற்சி செய்கிற பையனைப் பயிற்சிக்கு முன்னால் ஒருமுறை, முடிந்து ஒருமுறை எடை மிஷினில் ஏற்றிப் பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உடம்பிலிருந்து போயிருக்கிறது என்று அர்த்தம். 50 கிலோ பையனுக்கு அது 2 விழுக்காடு, அதிலேயே ஓட்டம் தளர ஆரம்பித்துவிடும். இது தெரியாமல் 'இன்னைக்கு அவன் சோம்பேறித்தனமா ஆடுறான்' என்று திட்டுகிறோம். பெரிய கால்பந்து கிளப்புகளில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஜிபிஎஸ் கருவி வைத்த உள்சட்டை போட்டுக்கொண்டுதான் பயிற்சி செய்கிறார்கள். யார் எவ்வளவு ஓடினான், எத்தனை தடவை வேகம் எடுத்தான் என்று பார்த்து, அதிகம் களைத்தவனுக்கு மறுநாள் பயிற்சியைக் குறைக்கிறார்கள். ஓய்வு கொடுப்பதற்குத்தான் அந்தக் கருவி. நம் பிள்ளைகளுக்கு ஓய்வு எப்போது தேவை என்று இதுவரை யார் கணக்குப் பார்த்தார்கள்?

பி.டி. உஷாவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். உஷா 55.42 விநாடி. ருமேனியாக்காரர் 55.41. நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் போய்விட்டது. கேமராதான் அந்த வித்தியாசத்தைச் சொன்னது, மனிதக் கண்ணால் முடியாது. 10 தடைகளில் எந்தத் தடையில் அந்த நூறில் ஒரு பங்கு போனது, காலடி மாறியதிலா, கோட்டில் நெஞ்சைச் சாய்த்ததிலா? இன்றைக்கு ஒரு தடை ஓட்ட வீராங்கனை ஒவ்வொரு பயிற்சி ஓட்டத்தையும் வீடியோவில் வைத்து, ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே எவ்வளவு நேரம் எடுத்தாள் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. கண்ணுக்கே தெரியாத ஒரு நொடித்துண்டைக் கருவியை வைத்து அளந்துதான் பதக்கத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்றால், பயிற்சியிலும் அந்தக் கருவி வேண்டாமா?

'தொழில்நுட்பம் என்றால் ஏமாற்று' என்றும் ஒரு வாதம் வந்தது. 2008, 2009ல் வந்த, நீந்துகிற வேகத்தைக் கூட்டிய நீச்சல் உடைகளையும், கார்பன் தகடு வைத்த மாரத்தான் ஷூக்களையும் சொன்னார்கள். நியாயமான கவலைதான். அதனால்தான் அந்த முழு உடல் நீச்சல் உடைகளை 2010 ஜனவரியிலிருந்து தடை செய்தார்கள். 2020ல் உலக தடகள அமைப்பு சாலை ஓட்ட ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, உள்ளே ஒரு தகடுதான் இருக்கலாம் என்று விதி போட்டது. கருவி ஆளுக்குப் பதிலாக ஓட ஆரம்பித்தால் விதி வந்து தடுக்கும், தடுக்கவும் வேண்டும். ஆனால் ஸ்லோ மோஷன் வீடியோவை யாராவது தடை செய்தார்களா? எடை மிஷினை? அந்தப் பெண்ணுக்குப் பதிலாகப் போன் ஒரு குத்துகூட விடவில்லையே. அவள்தான் விட்டாள்.

கடைசியாக, செரியன் நகர் காசிமா. இந்தப் பேட்டையின் பெருமை. ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம். 'அவரிடம் போர்டும் பவுடரும் தவிர என்ன இருந்தது' என்று அண்ணன் கேட்டார். கேரமுக்கு ஜிபிஎஸ் தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காசிமா வந்துவிட்டார் என்பதற்காக, ஓட வேண்டிய, குத்த வேண்டிய, எடை தூக்க வேண்டிய பிள்ளைகளிடம் 'நீயும் ஒன்றும் இல்லாமலே வா' என்று சொல்வது நியாயமா? இதெல்லாம் காசு இருக்கிறவனுக்குத்தான் என்று சொல்லி அண்ணன் பேச்சை முடித்தார். காசு இருக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்குக் காயம் பட்டால் ஸ்கேன் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஒரு வருடம் உட்கார்ந்து சாப்பிட வசதி இருக்கிறது. நம் பிள்ளைக்கு உடம்பு மட்டும்தான் மூலதனம். அந்த உடம்பை முதலில் அளந்து பார்த்துக் காக்க வேண்டியவர்கள் நாம்தான். போன் எல்லா வீட்டிலும் இருக்கிறது. போனில் கேம் ஆடியே கெட்டுப்போகிறார்கள் என்று அக்கா சொன்னார், உண்மைதான், அதே போனைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் கோச்சின் கையில் கொடுங்கள். விலை அதிகமான கருவிகளை, அவற்றைப் பார்க்கத் தெரிந்த ஆட்களோடு சேர்த்து, வடக்குப் பக்கத்திலும் ஒரு இடத்தில் வைக்கச் சொல்லி அரசாங்கத்திடம் நாம் எல்லோரும் போய்க் கேட்போம், எதிரணி அண்ணனும் வரட்டும்.

நடுவர் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் எனக்குச் சம்மதம். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற ஒரு வார்த்தை மட்டும் உங்கள் தீர்ப்பில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.