படுக்கை கிடைத்தவர்களின் கணக்கு

(எங்கள் ஊர் நூலகத்தில் நான் பேசியதை நண்பர் ஒருவர் பதிவு செய்திருந்தார். அதைக் கேட்டு, அங்கங்கே திருத்தி எழுதியது.)

எல்லாருக்கும் வணக்கம். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், நான் மெல்லப் பேசுகிற ஆள்.

போன மாதம் சர்க்கரை மாத்திரைக்காக என்னிடம் வழக்கமாக வரும் ஒருவர், சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "சார், எங்கப்பாவுக்கு கொரோனா ரெண்டாவது அலையில வராம மொத அலையிலேயே வந்திருந்தா பொழச்சிருப்பாரா?" என்று கேட்டார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். நான் ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்று அன்று ராத்திரியே உறுத்த ஆரம்பித்தது. அந்தப் பதிலைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் தேடிப் பார்க்கப் போகிறேன்.

முதல் அலை எப்படி இருந்தது என்பதே நமக்கு இப்போது பாதி மறந்துவிட்டது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டில் பாசிட்டிவ் என்று வந்தாலே ஆஸ்பத்திரிதான், இருமல் இருக்கோ இல்லையோ. எங்கள் வார்டில் பாதிப் பேர் நன்றாக நடமாடிக்கொண்டு, போனில் படம் பார்த்துக்கொண்டு, எப்போது சார் வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டுக்கொண்டு இருந்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மறுபாதியை எப்படிக் காப்பாற்றுவது என்று அப்போது எங்களுக்கே சரியாகத் தெரியாது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்தோம், குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த பிளாஸ்மா கொடுத்தோம். பிளாஸ்மா மரணத்தைக் குறைக்கவில்லை என்று நம் நாட்டிலேயே 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளை வைத்து ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், செய்த ஆய்வு 2020 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து அதை எடுக்க 2021 மே மாதம் ஆயிற்று. நடுவில் எத்தனை குடும்பங்கள் ரத்த வகை எழுதிய வாட்ஸ்அப் செய்தியோடு ராத்திரி முழுக்க அலைந்தன என்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

உண்மையில் உயிர் காத்த விஷயங்கள் ரொம்பச் சாதாரணமானவை. 2020 ஜூன் 16 அன்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ரெகவரி என்ற பெரிய ஆய்வின் முடிவை அறிவித்தார்கள். டெக்சாமெத்தசோன், சில ரூபாய்க்கு நம்மூர் மருந்துக்கடையில் கிடைக்கிற பழைய ஸ்டீராய்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நாடு காதில் போட்டுக்கொள்ளவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். கூடவே நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பது, ரத்தம் உறையாமல் ஹெப்பாரின் போடுவது, அவசரப்பட்டுத் தொண்டைக்குள் சுவாசக் குழாய் போடாமல் இருப்பது எல்லாம் கைக்குப் பழகின. 2020 கடைசியில் எங்களுக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. இன்னொரு அலை வந்தாலும் இந்த முறை குறைவாகத்தான் இழப்போம் என்று நானே வார்டில் சொல்லியிருக்கிறேன்.

வந்தது டெல்டா, உருமாறிய கொரோனா வைரஸ்.

முதல் அலையின் உச்சத்தில், 2020 ஜூலை இறுதியில், தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குப் புதிய தொற்று ஏறக்குறைய 7,000. இரண்டாவது அலையில் 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184. ஐந்து மடங்குக்கும் மேல். படுக்கைகளையும் கூட்டினார்கள், ஆக்ஸிஜன் படுக்கைகளை ராத்திரி பகலாகப் போட்டார்கள், ஆனால் நர்ஸையும் டாக்டரையும் யாரால் ஐந்து மடங்காக்க முடியும்? ஆறு பேரைப் பார்க்க வேண்டிய சிஸ்டர் முப்பது பேரைப் பார்த்தால், மூக்கிலிருந்து மாஸ்க் நழுவிய நோயாளியை யார் கவனிப்பது? மருந்து அதேதான், எங்கள் அறிவு முன்பைவிடக் கூடத்தான் இருந்தது. அதைப் படுக்கைப் படுக்கையாகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஐசிஎம்ஆரின் தேசிய நோயாளிப் பதிவேட்டில் இரண்டு அலைகளையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். மொத்தம் ஏறக்குறைய 19,000 நோயாளிகள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் இறந்தவர்கள் முதல் அலையில் 10.2 சதவீதம், இரண்டாவதில் 13.3 சதவீதம். நூற்றுக்கு மூன்று பேர் அதிகம்.

மூன்றுதானா? இதை முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. நான் பார்த்த மே மாதத்துக்கும் இந்த மூன்றுக்கும் சம்பந்தமே இல்லையே என்று. கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது, எண் தவறில்லை. அது யாரைப் பற்றிய எண் என்பதை நான்தான் கவனிக்கவில்லை. பதிவேட்டில் இருப்பவர்கள் படுக்கை கிடைத்தவர்கள். ஆம்புலன்ஸ் வரிசையிலேயே போனவர்களும், நான்கு ஆஸ்பத்திரிகளில் இடமில்லை என்று கேட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பியவர்களும் அதில் ஒரு வரியாகக்கூட இல்லை. அதே நேரம் இந்தப் பக்கமும் ஒன்று இருக்கிறது: முதல் அலையில் நடமாடிக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்திருந்தோம் என்று சொன்னேனே, இரண்டாவதில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, இறங்கினால்தான் உள்ளேயே விட்டோம். நோய் முற்றியவர்களை மட்டும் சேர்த்தால் வைரஸ் அப்படியே இருந்தாலும் மரண விகிதம் ஏறும். ஆக ஒரு காரணம் எண்ணைக் குறைத்துக் காட்டுகிறது, இன்னொன்று கூட்டிக் காட்டுகிறது, இரண்டும் ஒரே எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

இன்னொன்று. இரண்டாவது அலை இளைஞர்களைத் தேடித் தேடி அடித்தது என்று ஊரே சொன்னது, இன்னும் சொல்கிறது. அதே பதிவேட்டில் சராசரி வயது 50.7-லிருந்து 48.7 ஆனது, அவ்வளவுதான். 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தவிர மற்ற எல்லா வயதிலும் மரணம் கூடியிருந்தது. ஆனால் தொற்று ஐந்து மடங்கானால் உங்கள் தெருவில் முப்பது வயதில் இறப்பவர்களும் அந்த அளவுக்குப் பெருகுவார்கள், சராசரி அசையவே வேண்டியதில்லை. மக்கள் கண்ணால் பார்த்தது பொய்யில்லை.

சரி, ஸ்டீராய்டு விஷயம். ஆக்ஸிஜன் தேவைப்படாதவருக்குப் பலனில்லை என்ற மருந்தை மூன்றாம் நாள் காய்ச்சலிலேயே வீட்டில் விழுங்கினார்கள், அதுவும் நூற்றில் எத்தனையோ பேருக்குச் சர்க்கரை இருக்கிற நாட்டில். கண்ணை அரிக்கும் கருப்புப் பூஞ்சைத் தொற்று வந்தது. 2021 ஜூலைக்குள் இந்தியா முழுவதும் 45,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு. கொரோனாவிலிருந்து மீண்டு கண்ணை இழந்தவர்கள் எந்த அலையின் கணக்கில் வருவார்கள்? டிஸ்சார்ஜ் பட்டியலில் அவர்கள் குணமானவர்கள்.

மூன்றாவது அலை ஒமிக்ரான், வைரஸின் இன்னொரு உருமாற்றம். இதற்கு முதலில் தென்னாப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 2021 நவம்பரில் உலகுக்கு எச்சரிக்கை கொடுத்ததே அவர்கள்தான், அதற்குப் பரிசாக மற்ற நாடுகள் அங்கிருந்து வரும் விமானங்களை நிறுத்தின என்பது எனக்கு இன்றும் வருத்தம். அங்கே நெட்கேர் என்ற தனியார் குழுமத்தின் 49 ஆஸ்பத்திரிகளில் நான்கு அலைகளையும், ஒவ்வொன்றும் ஏறத் தொடங்கிய நாட்களை எடுத்து ஒப்பிட்டார்கள். டெல்டா அலையில் சேர்ந்தவர்களில் 29.1 சதவீதம் இறந்தார்கள், ஒமிக்ரானில் 2.7. ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்கள் 74 சதவீதத்திலிருந்து 17.6 ஆனார்கள். உடனே எல்லாரும் சொன்னது, வைரஸ் சாதுவாகிவிட்டது.

பாருங்கள், அதே அட்டவணையில் நோயாளிகளின் நடு வயது (பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) 59-லிருந்து 36 ஆகியிருந்தது. பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் வந்து, பரிசோதனையில் தற்செயலாகப் பாசிட்டிவ் ஆனவர்களும் அங்கே ஒமிக்ரான் கணக்கில் நிறைய இருந்தார்கள். எங்கள் வார்டிலும் 2022 ஜனவரியில் அப்படித்தான். ஒமிக்ரான் நுரையீரலில் கொஞ்சம் மெதுவாகத்தான் பரவுகிறது, டெல்டாவைவிட வீரியம் குறைவு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வந்து இறங்கிய உடம்புகள் மாறியிருந்தன. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது தேசிய ஆய்வில் இந்தியர்களில் 67.6 சதவீதம் பேர் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தது. அந்த அக்டோபருக்குள் 100 கோடி தடுப்பூசி போட்டாகிவிட்டது. டெல்டா வாங்கிய உயிர்களையும் சேர்த்துத்தான் அந்த 67.6-க்கு நாம் விலை கொடுத்திருந்தோம்.

வைரஸ் தானாகவே சாதுவாகும் என்று நம்புகிறவர்களுக்கு நான் இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, 1918 பம்பாய். ஜூனில் வந்த ஃப்ளூ லேசாகத்தான் போனது, செப்டம்பரில் திரும்பி வந்து நாடெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது, 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முந்தைய பத்தாண்டைவிட ஆட்கள் குறைந்தார்கள். இன்னொன்று 2022 ஹாங்காங். இரண்டு வருடம் தொற்றை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த ஊர். முதியவர்களில் நிறையப் பேர் ஊசி போடவில்லை. அங்கே வந்ததும் இதே ஒமிக்ரான்தான். ஜனவரியிலிருந்து மார்ச் 21 வரை 5,906 பேர் இறந்தார்கள். அவர்களில் 96 சதவீதம் 60 வயதைத் தாண்டியவர்கள், அந்த முதியவர்களில் 70 சதவீதம் ஊசி போடாதவர்கள். இங்கே ஜலதோஷம் மாதிரி கடந்துபோன கிருமி அங்கே பிணவறையை நிரப்பியது.

இனி அந்த மனிதரின் கேள்வி. அவருடைய அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை இருந்தது, ஊசி இன்னும் போடவில்லை. மகன் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு வண்டி வைத்து அழைத்துப் போனார். படுக்கை கிடைக்கும்போது இரண்டு நாள் கடந்திருந்தது, சாச்சுரேஷன் 68. 2020 ஆகஸ்டில் வந்திருந்தால் காய்ச்சல் கண்ட அன்றே சேர்த்திருப்போம், டெக்சாமெத்தசோனும் கையில் இருந்தது, பிழைக்க வாய்ப்பு நிச்சயம் அதிகம். 2022 ஜனவரியில் இரண்டு ஊசியோடு வந்திருந்தால் இன்னும் அதிகம். 2021 ஏப்ரல் மாதமே வந்திருந்தால் கூடச் சேர்த்திருப்போம். அவர் வந்தது அந்த வருடம் மே மூன்றாவது வாரம்.

அவர் கேட்டது வைரஸைப் பற்றித்தான் என்று நான் அன்று நினைத்துக்கொண்டேன். தான் எங்காவது தாமதம் செய்துவிட்டோமா என்றுதான் மூன்று வருடமாக அந்த மனுஷன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த மாத்திரைக்கு இருபதாம் தேதி வருவார். இந்த எண்களை எல்லாம் அவரிடம் சொல்லப் போவதில்லை. நீங்கள் தாமதம் செய்யவில்லை, படுக்கைதான் இரண்டு நாள் தாமதமாக வந்தது என்று சொல்லப் போகிறேன், அன்றைக்கு வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும்.