கோழி வளர்க்கும் கேமில் இந்த அழுகை எங்கிருந்து வந்தது?

வணக்கம் மக்களே. சுங்கை சிப்புட்டில் இன்றைக்கு மத்தியானத்திலிருந்தே மழை. சடசடவென்று ஒரு சத்தம் கேட்டால் அது எங்கள் வீட்டுத் தகரக் கூரை. தொடங்குவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் காணொளி, அழகான வீடியோ கேம்களை வைத்து ரசிகர்கள் எழுதும் இருட்டான கதைகளைப் பற்றியது. இதில் சாவு பற்றியும், உயிரை விட நினைத்த ஒரு கேரக்டர் பற்றியும் பேசப்போகிறேன். மனசு சரியில்லாதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம்.

சரி. போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு என் தம்பி என் அறை வாசலில் வந்து நின்றான். பதினொரு வயதுப் பையன். கையில் கைப்பேசி. "அக்கா, கெர்பிக்கு ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று கேட்டான். கெர்பி என்பது சின்னப் பிள்ளைகள் கேம் ஒன்றின் நாயகன். வாங்கிப் பார்த்தேன். ஒரு ஃபேன்ஃபிக், அதாவது ரசிகர் எழுதிய கதை. முதல் மூன்று பத்தியில் கேக், குடை, சிரிப்பு. நான்காவது பத்தியில் அந்த ரோஜா நிற உருண்டையைக் கண்டதுண்டமாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். மேலே ஒரு எச்சரிக்கை கிடையாது, கதையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு டேக் கிடையாது. அன்றைக்கு அவன் என் அறையில்தான் படுத்தான், விளக்கை அணைக்க விடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இருட்டான கதை எழுதினார்கள் என்பதற்காக வந்த கோபம் இல்லை அது. கெர்பிக்குள்ளேயே இருட்டு உண்டு. 2000-ல் வந்த கெர்பி 64 என்ற கேமில் கிரிஸ்டல் துண்டுகளை எல்லாம் சேர்த்துவிட்டால் கடைசியில் ஒன்று வரும். வெள்ளை உருண்டை, தலைக்கு மேல் ஒளிவட்டம், நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கண். அந்தக் கண்ணிலிருந்து ரத்தம் வடியும். சின்னப் பிள்ளைகள் விளையாடும் கேம்தான். கோபம் எதற்கென்றால், சொல்லாமல் செய்ததற்கு. ஃபேன்ஃபிக் ஏற்றும் தளமான ஏஓ3-ல் அதற்கென்றே வசதி இருக்கிறது. கொடூர வன்முறை, முக்கியக் கேரக்டரின் சாவு என்று எச்சரிக்கைகள் வரிசையாக இருக்கின்றன. எதையும் முன்கூட்டிச் சொல்ல விருப்பமில்லை என்றால், 'எச்சரிக்கை போடவில்லை' என்று சொல்வதற்கே ஒரு டேக் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். 2019-ல் அறிவியல் புனைவு உலகின் ஹியூகோ விருது வாங்கிய தளம் அது. அவ்வளவு பேர் உழைத்துக் கட்டியதைப் பயன்படுத்தக்கூட இவர்களுக்குக் கை வரவில்லையே!

இப்போது என் மனசுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேம். 2016-ல் வந்தது, எரிக் பாரோன் என்ற ஒரே ஆள் செய்தது. கோழி, பூசணிக்காய், மீன்பிடி, கல்யாணம். ஆனால் தொடக்கக் காட்சியை மறுபடி ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஜோஜா என்ற கம்பெனியின் அலுவலகத்தில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்வார்கள். அதில் ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பது எலும்புக்கூடு. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்புறம் ஷேன் என்ற ஊர்க்காரன். மழை நாளில் காட்டுப் பக்கம் போனால், செங்குத்துப் பாறை ஓரத்தில் குடித்துவிட்டுக் கிடப்பான். உருண்டு விழாமல் இருக்க ஒரு காரணம் சொல் என்று நம்மிடமே கேட்பான். நான் முதல் தடவை பார்த்தபோது எந்தப் பதிலைத் தொடுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதே ஊரில் கெண்ட் வருவது கேமின் இரண்டாம் ஆண்டு வசந்தத்தின் முதல் நாள். போரில் சிறைப்பட்டுத் திரும்பிய அப்பா. மனைவி ஜோடி அடுப்படியில் பாப்கார்ன் பொரிப்பாள். அந்தப் பட் பட் சத்தத்தில் இந்த மனுஷன் அரண்டு போவான். கேமில் அது சின்னக் காட்சிதான், முடிந்ததும் நாம் மாட்டுக்குத் தீனி போடப் போய்விடுவோம். அதற்கு அடுத்த நாளை ஒருவர் ஃபேன்ஃபிக்காக எழுதியிருந்தார். ஜோடி விடியற்காலையில் எழுந்து மிச்சம் இருக்கும் சோளப் பொட்டலத்தை எடுக்கிறாள். குப்பையில் போட்டால் அவன் பார்த்துவிடுவான், பார்த்தால் தன்னால்தான் என்று நினைப்பான். அதனால் மேல் அலமாரியில் மாவு டின்னுக்குப் பின்னால் தள்ளி வைக்கிறாள். தள்ளும்போது உள்ளே இருக்கும் சோளம் சலசலவென்று உரசுகிறது. கை அப்படியே நின்றுவிடுகிறது. படுக்கையறைப் பக்கம் காது கொடுத்துக் கேட்கிறாள். அத்தியாயம் அவ்வளவுதான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கேமில் இருந்த பாப்கார்னை விட்டு அந்த எழுத்தாளர் எங்கேயும் போகவில்லை பாருங்கள், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

புறாவையும் சொல்ல வேண்டும். அதே கேமில் சூனியக்காரி குடிசையில் ஒரு பீடம் இருக்கிறது. பிரிஸ்மாட்டிக் ஷார்ட் என்ற அரிய கல் ஒன்றைக் காணிக்கையாக வைத்தால் நம் பிள்ளைகள் புறாவாகப் பறந்துவிடுவார்கள், திரும்பி வரவே மாட்டார்கள். இதை வைத்து எழுதும் கதைகளில் முக்கால்வாசி பயமுறுத்தத்தான் பார்க்கின்றன. காலியான தொட்டிலில் விரித்திருக்கும் துணி பற்றி எழுதியவர் யாரும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. யாராவது எழுதுங்கள்.

விலங்குகள் அண்டை வீட்டாராக இருக்கும் தீவு கேமான அனிமல் கிராஸிங் கதையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அதன் நியூ ஹொரைசன்ஸ் பதிப்பு வந்தது 2020 மார்ச் 20. நம் மலேசியாவில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது மார்ச் 18. நாம் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது அந்தத் தீவு இருந்தது. ரொம்ப நாள் போகாமல் விட்டால் தீவெங்கும் களை முளைக்கும், வீட்டுக்குள் கரப்பான் ஓடும். நான் படித்த கதையில் விளையாடுகிறவர் வருவதே இல்லை. பக்கத்து வீட்டு அணில் தினமும் காலையில் அவர் வாசலில் களை பிடுங்குகிறது. உள்ளே கரப்பான் ஓடும் சத்தம் கேட்கிறது. அடுத்தவர் வீடு, எப்படிப் போவது? வாசலை மட்டும் சுத்தமாக வைத்திருக்கிறது. வராதவருக்கு என்ன ஆனது என்று கதையில் யாரும் சொல்வதில்லை. அந்த வருடத்தில் படித்த எனக்குச் சொல்லவும் வேண்டாம்.

எங்கள் பாட்டி இருந்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நான் ஆறாம் ஆண்டு படிக்கும்போது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதி வீடு காலி. பாட்டி தன் வாசலைக் கூட்டிவிட்டு, ஈப்போவுக்குப் போய்விட்ட பக்கத்து வீட்டு வாசலையும் கூட்டுவார். தென்னை ஈர்க்கு விளக்குமாறு, தேய்ந்து தேய்ந்து முக்கால் முழம்தான் இருக்கும். "யாரும் இல்லையே பாட்டி, எதற்கு?" என்று கேட்டேன். "கோலம் போட்ட வாசல்டா, புல்லு மண்டலாமா?" என்றார். ஈர்க்கில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

நான் எழுதும் கதையின் ஐந்தாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறும். அந்த விளக்குமாறு அதில் வருகிறது. முக்கியக் கேரக்டரின் சாவு உண்டு, ஆறுதல் இல்லை, இரண்டு டேக்கும் முதல் வரியிலேயே போட்டுவிட்டேன். தம்பிக்கு இப்போதைக்குக் கிடையாது என்று அவனிடமே சொல்லிவிட்டேன். மழை விட்டது, நான் போய்த் துணி எடுக்க வேண்டும்.