ட்ரம்ப் ஹிலாரியின் ‘பி டீம்’ ஆளா? எதிரியை ஜெயிக்க வைக்க 17 லட்சம் டாலர் கொட்டியவரின் கதை

(திரையில்: ஒரு திருமணப் புகைப்படம். நான்கு பேர் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.)

இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். 2005 ஜனவரி, ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச். மாப்பிள்ளை டொனால்ட் ட்ரம்ப், மணப்பெண் மெலானியா. பக்கத்தில் நிற்பது பில் கிளின்டனும் ஹிலாரி கிளின்டனும். யார் என்ன ஜோக் சொன்னார்களோ, நால்வர் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு.

பதினோரு ஆண்டுகள் கழித்து இதே மாப்பிள்ளை, 2016 அதிபர் தேர்தலின் நேரலை விவாத மேடையில், தன்னை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரியின் முகத்தைப் பார்த்து, “நான் அதிபராக இருந்தால் நீங்கள் ஜெயிலில் இருப்பீர்கள்” என்கிற பொருளில் பேசினார். இடைப்பட்ட காலத்தில், ட்ரம்ப்பின் சொந்தக் கட்சிக்காரர்கள் சிலருக்கே ஒரு சந்தேகம் வந்தது. இவர் நம் ஆளா, அல்லது ஹிலாரி அனுப்பி வைத்த ஆளா? நம் ஊரில் இதற்கு ‘பி டீம்’ என்று ஒரே வார்த்தையில் பெயர் வைத்துவிடுவோம்.

கடைசி வரை இருங்கள். வீடியோவின் முடிவில் ஒரு மின்னஞ்சல் குறிப்பைக் காட்டப் போகிறேன்.

பின்னணி இரண்டே வரி. அமெரிக்காவில் வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடுவதில்லை. உட்கட்சித் தேர்தல் நடத்தி வாக்காளர்களே வேட்பாளரைப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

இப்போது சந்தேகத்துக்கு வருவோம். குடியரசுக் கட்சியின் சார்பில் நிற்க வந்த ட்ரம்ப், 2001 முதல் 2009 வரை ஜனநாயகக் கட்சி வாக்காளராகப் பதிவு செய்திருந்தவர். ஹிலாரியின் செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தல்களுக்கு நன்கொடை கொடுத்தவர். 2015 மே மாதக் கடைசியில் பில் கிளின்டனும் அவரும் தொலைபேசியில் பேசினார்கள். ஜூன் 16 அன்று ட்ரம்ப் போட்டியை அறிவித்தார். ஆகஸ்டில் முதல் விவாத மேடையில், ஹிலாரி ஏன் உங்கள் கல்யாணத்துக்கு வந்தார் என்ற பேச்சு வந்தபோது, நான் பணம் கொடுத்திருந்தேன், அவருக்கு வராமல் இருக்க வழியில்லை என்று கூச்சமே இல்லாமல் சொன்னார். நம் ஊரில் மொய் எழுதியவரைத்தான் கல்யாண வீட்டார் நினைவில் வைத்திருப்பார்கள். இங்கே மாப்பிள்ளையே முன்கூட்டி மொய் எழுதிவிட்டு விருந்தாளியை வரவழைத்திருக்கிறார்!

குடியரசுக் கட்சி எம்.பி. கார்லோஸ் குர்பெலோ, ட்ரம்ப் இடதுசாரிகள் பிடித்து நிறுத்திய மாய வேட்பாளராக இருக்கலாம் என்றார். டிசம்பரில், அதே கட்சியில் வேட்பாளராகப் போட்டியிட்ட ஜெப் புஷ், தன் தோழி ஹிலாரியுடன் ட்ரம்ப் ஒப்பந்தம் போட்டிருப்பாரோ என்று ட்விட்டரில் எழுதினார். ஒரு முன்னாள் அதிபரின் மகன், இன்னொரு முன்னாள் அதிபரின் தம்பி இப்படி எழுதுகிறார் என்றால் வயிற்றெரிச்சல் எந்த அளவுக்கு இருந்திருக்கும், யோசியுங்கள்.

ஆதாரம்? ஒன்றும் கிடையாது. ‘இவர் நின்றால் அவருக்கு லாபம், ஆகவே அவர்தான் இவரை நிறுத்தினார்’ என்பது ஒன்றுதான் வாதம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைக்குப் பணம் கொடுத்தது யார் என்று விசாரணைக் கமிஷன் வைப்பது மாதிரி.

ஆனால், பனம்பழம் விழட்டும் என்றே மரத்தை உலுக்கியவர் ஒருவர் இருக்கிறார். அவரே அதை எழுதியும் வைத்திருக்கிறார். இன்றைய வீடியோவில் எனக்கு மிகப் பிடித்த ஆள் இவர்தான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

(திரையில்: மிசௌரி மாநில வரைபடம். 2012.)

கிளேர் மெக்காஸ்கில். ஜனநாயகக் கட்சி செனட்டர். 2012இல் மறுபடி நிற்க வேண்டும். மிசௌரியில் காற்று அவருக்கு எதிராக வீசுகிறது. எதிர்முகாமில் உட்கட்சித் தேர்தலில் மூன்று பேர் மோதுகிறார்கள். ஜான் பிரன்னர், கையில் பணம் வைத்திருந்த தொழிலதிபர். சாரா ஸ்டீல்மன், மாநிலத்தின் முன்னாள் பொருளாளர். மூன்றாவது, டாட் ஏகின் என்ற எம்.பி., மூவரிலும் தீவிரமான பழமைவாதி.

மெக்காஸ்கில் என்ன செய்தார்? எதிர்க்கட்சி வாக்காளர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தினார். தன் வாக்காளர்களிடம் அல்ல, எதிர்க்கட்சி வாக்காளர்களிடம்! ஏகினைப் பற்றி எதைச் சொன்னால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டார். பிறகு ஏகினைத் ‘திட்டி’ விளம்பரம் போட்டார். இவர் அளவுக்கு மீறிய பழமைவாதி, ஒபாமாவை இப்படியெல்லாம் எதிர்க்கிறார், இவர் மிசௌரிக்குத் தாங்குமா? பார்த்த குடியரசுக் கட்சிக்காரருக்கு என்ன தோன்றும்? ‘அடடா, நாம் தேடிய ஆள் இவரல்லவா!’ பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி, ‘அவன் ரொம்ப நல்லவன், எந்நேரமும் படிப்பு படிப்பு என்றே இருக்கிறான், எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்று பெண் வீட்டாரிடம் குறை சொல்வது போல.

செலவு 17 லட்சம் டாலர். உட்கட்சித் தேர்தலுக்காக ஏகின் மொத்தமாகச் செலவழித்ததைவிட, எதிரி அவருக்காகக் கடைசி இரண்டு வாரத்தில் செலவழித்தது அதிகம்.

இதைவிட அழகான இடம் ஒன்று உண்டு. ஆர்கன்சா முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபி ஏகினைப் புகழ்ந்து ஒரு விளம்பரத்தில் பேசியிருந்தார். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த விளம்பரம். ஏகின் தரப்பு அதை நிறுத்திவிட்டு வேறொன்றைப் போட்டது. மெக்காஸ்கிலுக்குத் தலை சுற்றியது. தெரிந்தவர் மூலம் ஏகின் தரப்புக்குச் சொல்லி அனுப்பினார்: ஹக்கபி விளம்பரத்தைத் திரும்பப் போடுங்கள். சில மணி நேரத்தில் அது மீண்டும் ஓடியது. தேர்வில் பக்கத்து பெஞ்சு மாணவனின் விடைத்தாளைத் திருத்திக் கொடுப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? இவர் அந்த ரகம்.

2012 ஆகஸ்ட் 7. ஏகின் ஜெயித்தார். அன்றிரவு கான்சாஸ் சிட்டி ஹோட்டல் அறையில், 59 வயது செனட்டர் மெக்காஸ்கில், வாழ்க்கையில் முதல்முறையாகப் பியர் டின்னின் அடியில் ஓட்டை போட்டு ஒரே மூச்சில் குடித்தார். கல்லூரிப் பையன்கள் குடிக்கிற முறை அது. பன்னிரண்டே நாளில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் உடல் கர்ப்பத்தைத் தானே தடுத்துக்கொள்ளும் என்ற பொருளில் ஏகின் தொலைக்காட்சியில் பேசினார். அவர் கட்சியின் அதிபர் வேட்பாளரே விலகச் சொன்னார். விலகவில்லை. நவம்பரில் மெக்காஸ்கில் 15 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார்.

இப்போது சொல்லுங்கள், ஏகின் பி டீமா? அந்த மனிதர் கடைசி வரை நேர்மையாகத்தான் போட்டியிட்டார். உதவி வாங்குகிறவருக்கே உதவி வருவது தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் யாருக்கு லாபம் என்பதை மட்டும் வைத்து ஒருவரை விலைபோனவர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பணம் கைமாறிய கதையும் இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2020, மயாமி பக்கம் ஒரு மாநில செனட் தொகுதி. பதவியில் இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் ஹோசே ஹாவியர் ரோட்ரிகெஸ். திடீரென்று அதே ரோட்ரிகெஸ் என்ற பெயரோடு கட்சி சாராத ஒருவர் நின்றார். பிரசாரமே செய்யவில்லை. 6,000க்கும் மேல் வாக்கு வாங்கினார். பதவியில் இருந்தவர் தோற்றது 32 வாக்கில். பெயர் ராசியைப் பார்த்து அவரைப் பிடித்து நிறுத்தி, 44,000 டாலருக்கு மேல் கொடுத்ததாக குடியரசுக் கட்சியின் முன்னாள் மாநில செனட்டர் ஃபிராங்க் ஆர்ட்டைல்ஸ் மீது வழக்கு. 2024இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. வென்ற வேட்பாளர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. இராமநாதபுரத்தில் 2024இல் பலாப்பழச் சின்னத்தில் நின்ற ஓ. பன்னீர்செல்வத்துக்கு எதிரே அதே பெயரில் ஐந்து பேர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு ஃபுளோரிடா ஒன்றும் அதிசயமில்லை. நம்மிடம் சின்னம் இருக்கிறது, அங்கே அதுவும் இல்லை!

(திரையில்: மின்னஞ்சல் குறிப்பு, 2015 ஏப்ரல்.)

சரி, சொன்ன மின்னஞ்சல். 2016 அக்டோபரில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் வெளியிட்டது. ஹிலாரியின் பிரசாரக் குழு தயாரித்த குறிப்பு. குடியரசுக் கட்சியில் தீவிரமாகப் பேசுகிற மூன்று பேரை உதாரணம் காட்டுகிறது: டெட் குரூஸ், டொனால்ட் ட்ரம்ப், பென் கார்சன். இவர்களை ‘குழலூதி’ வேட்பாளர்கள் என்கிறது, ஹாமலின் ஊர் எலிகளை ஆற்றுக்குக் கூட்டிப்போனவன் நினைவில். இவர்களை ஓரம் கட்ட வேண்டாம், முன்னால் தூக்கி நிறுத்துவோம், பத்திரிகைகள் இவர்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும்படி சொல்வோம் என்கிறது. தேதியைக் கவனித்தீர்களா? ட்ரம்ப் போட்டியை அறிவிக்கவே இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

ரகசிய ஒப்பந்தம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எதிரில் இவர் நின்றால் நன்றாக இருக்குமே என்ற ஆசைதான் இருக்கிறது. ஆசைப்பட்ட எதிரியே வந்தார். அமெரிக்க அதிபரை முடிவு செய்வது மாநிலங்களின் தேர்வாளர்கள் போடும் வாக்குகள்தான்; 2016 தேர்தலில் அவருக்கு 304 தேர்வாளர் வாக்கு, ஹிலாரிக்கு 227.

அந்த இரவில் யாரும் பியர் டின்னில் ஓட்டை போட்டதாகத் தெரியவில்லை. உங்கள் தொகுதியில் ‘இவர் அவருடைய ஆள்’ என்று பேச்சு அடிபட்ட வேட்பாளர் யார், டெபாசிட் தேறியதா? கமெண்டில் எழுதுங்கள்.