கிக்வெமா வீட்டு அடுப்படியில்

நேயர்களுக்கு வணக்கம்.

நாகாலாந்தின் தலைநகர் கோஹிமாவில் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க்களத்தைப் பார்த்துவந்ததைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். பார்த்தேன், உண்மைதான். ஆனால் அந்தப் பயணத்தில் போர்க்களத்தில் நின்ற நேரத்தைவிட ஒரு வீட்டின் அடுப்படியில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். ஆகவே அடுப்படியிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

கோஹிமாவிலிருந்து இம்பாலுக்குப் போகும் நெடுஞ்சாலையில் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கிக்வெமா என்ற ஊர் வரும். அங்காமி நாகர்களின் ஊர். டிசம்பரின் முதல் பத்து நாள் நாகர்களின் ஹார்ன்பில் திருவிழா நடக்கிறதே, அந்தக் கிசாமா இதற்குப் பக்கத்தில்தான். அங்கே ஒரு குடும்பம் தன் வீட்டோடு மூன்று அறைகளைச் சேர்த்துக் கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. வரவேற்பறை கிடையாது, மணியடித்தால் ஓடிவரும் ஆளும் கிடையாது. வாசலில் விறகு அடுக்கியிருக்கும், அதைத் தாண்டினால் வீடு. பின்னால் நிமிர்ந்து பார்த்தால் ஜாப்ஃபு சிகரம், 3,048 மீட்டர்.

ரயிலில் போய்த் திமாப்பூரில் இறங்கினோம். அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் மலைச் சாலை. போவதற்கு முன் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1873-இல் வெள்ளைக்காரர்கள் போட்ட ஒழுங்குமுறை அது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. "சொந்த நாட்டுக்குள் போவதற்கு ஒரு சீட்டா!" என்று உடன் வந்த நண்பர் திமாப்பூரில் முணுமுணுத்தார். கிக்வெமாவில் மூன்றாம் நாள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

நாங்கள் போனது டிசம்பரில். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நம் ஊரில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு வந்துசேரும் நேரம் அது. ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு தயார் என்றார்கள். அறையில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டு அம்மாள் பதில் பேசாமல் சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

அந்தச் சமையல்கட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடுப்பு சுவரோரத்தில் இல்லை, அறையின் நடுவில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே மூங்கில் பரண் தொங்குகிறது. பரணில் பன்றி இறைச்சித் துண்டங்கள் புகையில் கறுத்துக் கிடக்கின்றன. சில துண்டங்கள் வாரக்கணக்கில் அங்கேயே இருக்குமாம். அடுப்பைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கும் குறைவான மர முக்காலிகள். விருந்தாளிக்கென்று தனி மேசை கிடையாது. வீட்டார் உட்காரும் அதே வட்டத்தில் நாமும் உட்கார வேண்டும். சட்டையில் ஏறிய புகை ஊர் திரும்பி இரண்டு சலவைக்குப் பிறகும் போகவில்லை.

நான் சைவம். இதைச் சொன்னபோது அந்த அம்மாள் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு 'கல்ஹோ' என்ற சாப்பாட்டை எனக்கென்று தனியாகச் செய்துகொடுத்தார். அரிசியைக் குழைய வேகவைத்து, கீரைகளைக் கிள்ளிப்போட்டுக் கிண்டுவது. கஞ்சிக்கும் கூட்டாஞ்சோற்றுக்கும் நடுவில் இருக்கும். வழக்கமாகப் புகைபோட்ட இறைச்சி சேர்ப்பார்களாம், எனக்கு அதை விலக்கிவிட்டார். தொட்டுக்கொள்ள ராஜா மிளகாய்த் துவையல். புவிசார் குறியீடு பெற்ற நாகா மிளகாய் இதுதான். "சோற்றுப் பருக்கையின் நுனியில் மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள்" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். நான் கரிசல் காட்டுக்காரன், குண்டு மிளகாயைக் கடித்து வளர்ந்தவன் என்று வீறாப்பாக ஒரு விரல் எடுத்தேன். அதற்குப் பிறகு கால் மணி நேரம் அந்த வீட்டில் நடந்த உரையாடல் எதுவும் என் காதில் ஏறவில்லை.

மறுநாள் கோஹிமா போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஊருக்கு நடுவில் ஒரு குன்றுச் சரிவு, படிப்படியாக இறங்கும் புல்வெளி, 1,420 கல்லறைகள். உச்சியில், எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனி நினைவுச் சின்னம். நடுவே வெள்ளைக் கோடுகளால் ஒரு டென்னிஸ் மைதானத்தின் எல்லையைக் குறித்துவைத்திருக்கிறார்கள். துணை ஆணையர் சார்லஸ் பாஸி குடியிருந்த பங்களாவின் டென்னிஸ் மைதானம் அது. 1944 ஏப்ரலில் அதன் ஒரு பக்கம் ஜப்பானியர், மறுபக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையினர். நடுவில் பந்து போய்வந்த இடத்தில் கையெறிகுண்டுகள் போய்வந்தன. நான் அடியெடுத்து அளந்து பார்த்தேன். நம் ஊர் கல்யாண மண்டபத்தில் பந்திக்கூடம் இதைவிடப் பெரிதாக இருக்கும்.

போரின் கதை சுருக்கமாக இதுதான். ஜப்பானின் 31-ஆவது டிவிஷன் ஜெனரல் சாட்டோவின் தலைமையில் மார்ச் நடுவில் பர்மாவின் சிண்ட்வின் ஆற்றைக் கடந்து, காடும் மலையும் ஏறி, ஏப்ரல் தொடக்கத்தில் கோஹிமாவை எட்டியது. திமாப்பூர் ரயில் நிலையமும் அங்கிருந்த கிடங்குகளும் விழுந்திருந்தால் போரின் போக்கே மாறியிருக்கும். குன்றின் மேல் மாட்டிக்கொண்ட சிறு காவல்படை இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது. குடிக்கத் தண்ணீர்கூட அளந்துதான் கொடுத்தார்கள். விமானத்திலிருந்து பாராசூட்டில் போட்ட பொருள்களில் ஒரு பகுதி எதிரியின் பக்கம் போய் விழுந்தது. உதவிப்படை வந்த பிறகும் மேடு மேடாகச் சண்டை தொடர்ந்தது. ஜூன் 22-இல்தான் இம்பால் சாலை திறந்தது.

எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் புகழ்பெற்ற கல்வெட்டின் முன் நானும் நின்றேன். வீடு திரும்பும்போது எங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இறந்தவர்கள் கேட்டுக்கொள்வதாக எழுதப்பட்டது அது. நாங்கள் வீடு என்று திரும்பியது கிக்வெமாவுக்கு.

அன்று இரவு அடுப்பருகில் அந்த அம்மாளின் மாமனார் வந்து உட்கார்ந்தார். எண்பதைக் கடந்தவர். அங்காமி மொழியில் அவர் பேசப் பேச, பேத்தி எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். ஜப்பானியர் வந்தபோது தனக்கு ஏழு வயதோ எட்டு வயதோ என்றார். அவர்கள் வந்த நாளை ஊரில் யாரும் மறக்கவில்லை. 1944 ஏப்ரல் 4, பிற்பகல் 3 மணி என்று நாளையும் வேளையையும் ஒரு வீட்டுச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். காலையில் அதையும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். எனக்கு அந்த '3 மணி' பிடித்திருந்தது. படையெடுப்பைப் பற்றிய குறிப்பில் யாராவது மணியைச் சொல்வார்களா? வீட்டில் இருந்தவர்கள்தான் சொல்வார்கள்.

பெரியவர் துப்பாக்கிச் சண்டையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது முழுக்க நெல்லைப் பற்றி. மூங்கில் பாயில் சுருட்டிச் செய்த பெரிய குதிர்கள் அவர்கள் வீட்டில் நான்கு இருந்தன. அவற்றில் ஒன்றை ஜப்பானியர் முதல் வாரத்திலேயே காலி செய்தார்கள். பன்றிகள், கோழிகள், கடைசியில் உழவு மாடு. குடும்பம் காட்டுக்குள் போய்விட்டது. அம்மா இரவில் இறங்கிவந்து, மிச்ச நெல்லைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போவாராம். காட்டில் கிழங்கு தோண்டித் தின்ற சுவையைச் சொல்லும்போது பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

அப்போதுதான் பகலில் நான் கேட்ட போர்க் கதை வேறு விதமாகப் புரிந்தது. சாட்டோவின் படை கிளம்பும்போது கையில் இருந்தது மூன்று வாரச் சாப்பாடு. அதற்குள் எதிரியின் கிடங்குகளைப் பிடித்துவிடலாம் என்பது அவருக்கு மேலே இருந்த ஜெனரல் முட்டாகுச்சியின் கணக்கு. கணக்குப் பிசகிவிட்டது. மே மாத முடிவில் சாட்டோ மேலிடத்தின் உத்தரவை மீறிப் படையைத் திருப்பினார். என் ஆட்களுக்குச் சோறு இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஜூலையில் பதவி பறிபோயிற்று. மூன்று வாரச் சாப்பாட்டோடு வந்த படை இரண்டு மாதம் எதைத் தின்று சண்டை போட்டது? ஒரு பகுதி பெரியவரின் குதிரில் இருந்தது. நான் பார்த்த கல்வெட்டு எதிலும் அந்த நெல் இல்லை.

நான் இதை யோசித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். பேத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மதராஸ்காரர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று கேட்கிறார்."

இரண்டு பக்கமும் என்றேன். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலும் தமிழர்கள் இருந்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்திலும் சேர்ந்தார்கள். சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. சோறு போட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இவர்கள் நெல்லை அள்ளியவர்களோடு கைகோத்தவர்களும் எங்கள் ஆட்கள்தான் என்று சொல்வதைப்போல ஒரு கூச்சம். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு ஒரே ஒரு பெயரைச் சொன்னார்: ஃபிஸோ. இன்னொரு அங்காமி ஊரான கோனோமாவில் பிறந்து, பின்னாளில் நாகர் விடுதலை இயக்கத்தின் தலைவராக இருந்தவர். போர்க் காலத்தில் பர்மாவில் இருந்தபோது நேதாஜியின் படையோடு சேர்ந்தவர். நாகர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷாருக்கு வழிகாட்டினார்கள், மூட்டை சுமந்தார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கிப்போனார்கள். ஃபிஸோ மறுபக்கம். "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்றார் பெரியவர். அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினார்.

கிளம்பும் அன்று காலையில் அந்த அம்மாள் மிளகாய் விதை கொடுக்கிறேன் என்று உள்ளே போனார். எடுத்துவந்தது ஒரு தகரப் பெட்டி. ஒரு காலத்தில் பூசிய ராணுவப் பச்சை மூலைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. துப்பாக்கித் தோட்டாப் பெட்டி. போர் முடிந்த பிறகு மலையெங்கும் இப்படிக் கிடந்தனவாம். மாமியார் காலத்திலிருந்து விதைக்குத்தான் பயன்படுகிறது என்றார். கொண்டியை நிமிர்த்தி மூடியைத் திறந்து காட்டினார். பூசணி, அவரை, சோளம், மிளகாய், எல்லாம் சிறு சிறு துணி முடிச்சுகளில். மூடி இறுக்கமாகப் பொருந்துவதால் வண்டு நுழைவதில்லையாம். அது யாருடைய பெட்டி, எந்தப் படையுடையது என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "என்னுடையது" என்றார்.

அந்த விதையில் ஐந்து முளைத்தன. எங்கள் வீட்டு மொட்டை மாடி வெயிலில் மூன்று கருகிவிட்டன. மிச்சம் இரண்டும் மாமர நிழலில் வைத்த பிறகு இலை விட்டிருக்கின்றன. இன்னும் பூக்கவில்லை.

நன்றி, வணக்கம்.